நாற்பத்தொன்றாம் இடம்

ஒரு மனிதரின் பெயரை, அவருடைய பேனாவையே இரவல் வாங்கி அடித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அவர் பெயர் கதிரேசன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவர் மனைவி சுலோச்சனா அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைத்தவர். நான் பூங்கோதை. கோவையில், சிங்காநல்லூர் ஏரிக்குப் பின்னால் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களோடு பதினாறு வருடம் குப்பை கொட்டியவள்.

நினைவு மங்கத் தொடங்கிய அறுபது பேருக்கு நாங்கள் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூக்கில் அடிக்கிற ஸ்பிரே. காலையில் இரண்டு அடி, ஒரு துளைக்கு ஒன்று. பதினெட்டு மாதம். இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் நிஜ மருந்துதான், வெறும் தண்ணீர் யாருக்கும் கிடையாது. காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்குப் பெயர் இருந்தது. கூடத்தில் நாங்கள் அதைப் பிசின் என்போம்.

அறுபது இடமும் முதல் வாரத்திலேயே நிறைந்துவிட்டன. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் என் அண்ணனுக்கும் அதே நோய் என்று தெரிந்தது.

அண்ணன் நல்லசிவம் நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். டீசல் லாரி போய் பேட்டரி லாரி வந்தபோது மற்றவர்கள் எல்லாம் பயந்தார்கள். இவர் மட்டும் "பேட்டரியானா என்ன, பேரிங் பேரிங்தான்" என்று தொழிலைத் தொடர்ந்தார். வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடும் காது. அப்பா போனபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. நான் படித்ததெல்லாம் அவர் சம்பாத்தியத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் லாரி விட்டால்தானே என்பார். என் விவாகரத்துக்குப் பிறகு நான் தனியாக இருந்த வீட்டுக்கு, ஐம்பத்தெட்டு வயதில், ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். பட்டறைக்குப் போகிற வழி மறந்துபோகிறது என்று பட்டறைப் பையன்கள் சொன்னதால் வந்தார். அதைக்கூட அவர் சொல்லவில்லை.

மாற்று ஆள் சேர்க்க ஒரு வழி இருந்தது. யாராவது விலகினால், நான்காம் மாதம் முடிவதற்குள் அந்த இடத்தில் வேறொருவரைச் சேர்க்கலாம். அதற்குமேல் கிடையாது. ஆய்வில் வேலை செய்பவர்களின் உறவினரைச் சேர்க்கவே கூடாது என்பது தனி விதி. நான்கு மாதமும் நான் யாராவது விலகுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயதானவர்களை வைத்து நடத்துகிற ஆய்வில் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும்.

நான்காம் மாதத்தின் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போன அண்ணன் திரும்பவில்லை. மதியம் சூலூர் சாலையில் கண்டுபிடித்தோம். பால் பாக்கெட்டை மார்போடு இறுக்கிப் பிடித்து, அது உடைந்து, சட்டையெல்லாம் புளித்த வாடையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வழிய மாத்திப் போட்டாங்க பாப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, கதிரேசனுக்கு நான்காம் மாதச் சோதனை. நாற்பத்தொன்றாம் எண் அவருக்கு. நினைவுத் தேர்வில் போன தடவையைவிட ஐந்து மதிப்பெண் கூடியிருந்தது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

வழக்கமான கேள்வியைத்தான் சுலோச்சனாவிடம் கேட்டேன். "வீட்டுல ஸ்பிரே அடிக்கறதுல ஏதாவது சிரமம் இருக்குங்களா?"

அவர் சிரித்தார். "ஆரம்பத்துல பெரிய ரோதனைங்க டாக்டரம்மா. வெசம் வெக்கறேன்னு சொல்லிப்போட்டாரு. முப்பது வருசம் ஒரே டம்ளர்ல டீ குடிச்சவ நானு, என்னையப் போயி! அப்பறம் நானே ஒண்ணு கண்டுபுடிச்சனுங்க. மொதல்ல என்ற மூக்குல ஒரு அடி. நான் கீழ உளுகாம நிக்கறனான்னு பாப்பாரு. பாத்துப்போட்டு அப்பறந்தான் அவரு மூக்கக் காட்டுவாரு. அவருக்கு ஒரு அடி. இப்ப சண்டையே இல்லீங்க."

"அப்ப அவருக்கு ஒரு அடிதானா?"

"ஆமாங்க. மொத்தம் ரெண்டு அடிதான் அளவுன்னு சொன்னீங்க. அதுக்கு மேல போவக்கூடாதில்லீங்களா?"

அளவைக் காப்பாற்றியிருந்தார். மாதாமாதம் நாங்கள் எடை போட்டுப் பார்த்த குப்பி சரியாகத் தீர்ந்திருந்தது. ஒரு துளி கூடவில்லை, குறையவில்லை. அதனால்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரி மீறலுக்கு விதி தெளிவாக இருந்தது. முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி செய்முறை விளக்கம். இரண்டாம் தடவைதான் நீக்கம். நான் பதிவேட்டை எடுத்தேன். எல்லாம் திரையில் நடக்கிற காலத்திலும் கையெழுத்து மட்டும் காகிதத்தில்தான் வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ பிடிவாதமாக இருந்தார்கள். என் பேனாவில் மை வரவில்லை. இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்தேன். நான் திணறுவதைப் பார்த்த கதிரேசன் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். "இந்தாங்கம்மா, இது எளுதும்." நான் அவரைப் பற்றி ஏதோ நல்லதாக எழுதப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

அதை வாங்கி அவர் பெயரை அடித்தேன். பக்கத்தில் 'விதிமீறல், நீக்கம்' என்று எழுதினேன்.

சுலோச்சனாவின் முகம் மாறியது. "அம்மா, தெரியாம பண்ணிப்போட்டேன். இனிமே ரெண்டும் அவருக்கே அடிச்சுப்போடறேன். இந்த ஒருக்கா வுட்டுருங்கம்மா."

"விதி அப்படிங்க. என் கையில ஒண்ணும் இல்லை" என்றேன்.

எல்லாமே என் கையில்தான் இருந்தது. அந்தப் பேனா உட்பட.

அன்று மாலையே நாற்பத்தொன்றுக்கு எதிரில் நல்லசிவம் என்று எழுதினேன். 'ஆய்வுப் பணியாளரின் உறவினரா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். முகவரிக்கு ஒரு தோழியின் வீட்டைப் போட்டேன். தலைமை மருத்துவர் ஐசக், "பூங்கோதை பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பதினாறு வருடத்து நல்ல பெயர் அன்றைக்கு எனக்கு அப்படி உதவியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் அண்ணனுக்கு முதல் குப்பியைப் பிரித்தேன். அவர் அதை வாங்கி, பழைய பேரிங்கைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உள்ள போயி என்ன பண்ணும்?"

"நரம்பு செல்லு தானா உயிரோட இருக்காதுண்ணா. ஒரு புரதம் வந்து 'இரு, இரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கோணும். சொல்ல ஆளில்லைன்னா அது தன்னைத்தானே மூடிக்கும்."

"அது சொல்றது இதுக்கு எப்படிக் கேக்கும்?"

"செல்லோட மேல ரிசெப்டர்னு இருக்கு. நாற்காலின்னு வெச்சுக்க. புரதம் வந்து அதுல உக்காந்தா உள்ளுக்குச் சேதி போகும். உனக்கு அந்தப் புரதம் கொறைஞ்சு போச்சு. நாங்க செஞ்ச புரதமும் அதே நாற்காலியிலதான் உக்காரும். ஆனா லேசுல எழுந்திரிக்காது. அதனாலதான் பிசின்னு பேரு."

அண்ணன் யோசித்தார். ஊர் வழி மறந்துபோன மனிதர்தான். ஆனால் ஒன்றோடொன்று பொருந்துகிற பொருள் என்றால் அவர் மூளை இன்னும் பட்டறையில்தான் இருந்தது.

"எழுந்திரிக்காமயே இருந்தான்னா, நம்ம சொந்த ஆளு வந்தா எங்க உக்காருவான்?"

"சொந்த ஆளுதான் வர்றதில்லையேண்ணா."

"கொஞ்சங்கூடவா வரமாட்டான்?" குப்பியைக் கீழே வைத்தார். "நட்டை ஒரேயடியா முறுக்கிட்டா ஆடாது பாப்பா, வாஸ்தவம். கழட்டறப்ப மரையும் சேந்து வந்துரும். அதை மட்டும் பாத்துக்க."

நான் சிரித்தேன். ஆய்வுக் கட்டுரைகள் நாற்பதைப் படித்தவள் லாரி நட்டுக்குப் பயப்படுவேனா என்று சிரித்தேன். "பயமா இருக்கா? வேண்டாம்னா விட்டுரலாம்" என்றும் கேட்டேன்.

"நீ குடுக்கறதை நான் எதுக்குப் பாக்கோணும்?" என்று தலையைப் பின்னால் சாய்த்து இரண்டு துளையையும் காட்டினார்.

அடுத்த பதினான்கு மாதத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் கிடையாது. மூன்றாவது மாதத்தில் தானே கடைக்குப் போய் வந்தார். ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் காலை பால்கனியில் நின்றிருந்தார். தெருவில் தண்ணீர் லாரி போயிற்று. "பின்னாடி எடது பக்க வீலு, பேரிங் போச்சு. ரெண்டு நாள்ல நிக்கும்" என்றார். இரண்டாம் நாள் எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை. நான் சமையலறையில் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம். எனக்கே மறந்துபோன என் எட்டாம் வகுப்பு டீச்சரின் பெயரைச் சொன்னார். தினமும் காலையில் ஏழு மணிக்கு நான் கூப்பிடுவதற்குள் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு வேளை தவறியதில்லை, ஒரு துளி சிந்தியதில்லை. நான் கொடுத்தேன் அல்லவா.

அந்தப் பதினான்கு மாதத்தில் சுலோச்சனா என்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டார். பொங்கலுக்கு அடுத்த நாள் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை, பிறகு மே மாதத்தில் ஒரு தடவை. திரையில் 'பழைய 41' என்று வரும். மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் நிலைமை மோசமாகிவிட்டது, மறுபடி மருந்து கொடுங்கள் என்று அழப்போகிறார், நான் என்ன சொல்வது என்று எடுக்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் அண்ணன் கேட்டார். "எடமெல்லாம் நெறைஞ்சுபோச்சுன்னு சொன்னியே, எனக்கு எப்படிக் கெடைச்சுது?"

"திருப்பூர்க்காரர் ஒருத்தர் வெலகிட்டாருண்ணா."

"ஏனாம்?"

"மருந்தை ஒழுங்காப் போட்டுக்கலை."

"பாவம்." என்றார். "ஒருநாளைக்கு அவரைப் போயிப் பாத்துட்டு வரோணும் பாப்பா. அவரு எடத்துல உக்காந்திருக்கேன்."

பார்க்கலாம் என்றேன்.

பதினெட்டாம் மாதம் முடிந்தது. திட்டப்படி மூன்று வாரம் மருந்தை நிறுத்தி, பலன் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க வேண்டும். மெல்ல மெல்லக் குறையும், மறுபடி கொடுத்தால் ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒன்பதாம் நாள் முதல் போன் வந்தது, பொள்ளாச்சியிலிருந்து. பத்தாம் நாள் ஆறு போன். பதினொன்றாம் நாள் காலையில் அண்ணன் குளியலறையில் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்த முனையில் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். நான் கையைப் பிடித்ததும் உதறினார்.

"ஏனுங்கம்மா, நீங்க யாருங்க?"

பதினான்காம் நாள் விதியை மீறி எல்லோருக்கும் மருந்தை மறுபடி தொடங்கினோம். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அறுபதில் ஐம்பத்து மூன்று பேர், தொடங்கியபோது இருந்ததைவிடக் கீழே போயிருந்தார்கள்.

ஐசக் சார் தன் அறையில் ஸ்கேன் படங்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனபோது தலை நிமிரவில்லை.

"நாம குடுத்தது எழுந்திரிக்கவே இல்ல பூங்கோதை. செல்லு என்ன பண்ணும்? நாற்காலியையே உள்ள இழுத்துக்கிட்டுது. புதுசா நாற்காலி செய்யறதையும் நிறுத்திட்டுது. உடம்பும் பாத்துது, வெளியிலேர்ந்து வருதே, நான் எதுக்குச் செய்யணும்னு தன்னோட புரதத்தை விட்டுட்டுது. நாம நிறுத்தினோம். சொந்தப் புரதமும் இல்ல, அது வந்தா உக்கார எடமும் இல்ல."

"மரையும் சேந்து வந்துருச்சு" என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்."

"அளவைப் பாதியாக் கொறைச்சிருந்தா பாதி நாற்காலி காலியா இருந்திருக்கும். உடம்பு தன் வேலையைத் தொடர்ந்து செஞ்சிருக்கும். இதெல்லாம் என் யூகம்தான். பாதி டோஸ் நாம யாருக்கும் குடுக்கலையே. ஒரே ஒரு ஆள் இருந்தாக்கூடப் போதும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருந்துக் கம்பெனிக்காரன், உங்க குளிர்பதனப் பெட்டியில கோளாறு, உங்க தப்புன்னு எழுதியிருக்கான். அடுத்த மாசம் வேற நாட்டுல நானூறு பேருக்கு ஆரம்பிக்கிறான். அதே டோஸ்."

ஒரே ஒரு ஆள் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவர் இடத்தில் யார் வந்தார் என்று அடுத்த கேள்வி வரும். நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு நாள் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை திருப்பூர் பஸ் ஏறினேன். நல்ல எண்ணத்தோடு போனேன் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் ஒரு வீடு என் வீட்டைப்போலவே இருக்கும், அந்த அம்மாவின் வாயால் நாலு வார்த்தை திட்டு வாங்கினால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று போனேன். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற பஸ் ஒரே வேகத்தில் போயிற்று. பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று தோன்றியபோது, நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை.

அனுப்பர்பாளையத்தில் ஒரு சந்து. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தரையில் துணியை விரித்து, மண்டியிட்டு, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. பூங்கோதை டாக்டர்தானுங்க?"

நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"என்ற பேனா ஒண்ணு உங்ககிட்ட தங்கிப்போச்சுங்க" என்று சிரித்தார் கதிரேசன். "நீல மையி. மூடியில பல்லுத் தடம் இருக்கும், நான் கடிக்கறதுதான். சுலோச்சனா! யாரு வந்திருக்காங்கன்னு பாரு."

சுலோச்சனா ஈரக்கையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் பயந்தார், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்போல. பிறகு நாற்காலி இழுத்துப் போட்டார், டீ வைக்கப் போனார். நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்திக்குச் சட்டை வெட்டுவதாகச் சொன்னார். நாள் கிழமை அவ்வப்போது தப்பும், மிஷினை நிறுத்தினோமா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்ப்பார், அவ்வளவுதான். மருந்து நின்று பதினைந்து மாதம் தாண்டியிருந்தது.

"மூணு தடவை கூப்புட்டனுங்க" என்றார் சுலோச்சனா, டீயை நீட்டி. "இவரு நல்லா இருக்காருன்னு சொல்லலாம்னுதான். மருந்து நின்னும் கொறையவே இல்லீங்களே, உங்களுக்கு எதுக்காச்சும் ஒதவுமேன்னு. நீங்க எடுக்கல. கோவமா இருப்பீங்கன்னு அப்பறம் வுட்டுட்டேன்."

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அந்த மூன்று போனில் ஒன்றை எடுத்திருந்தால், பாதி அளவு போதும் என்று எங்களுக்கு ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்கும். ஐம்பத்து மூன்று பேரும் தப்பியிருப்பார்கள். அண்ணனும்.

எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிக்கையோடு விட்டிருக்கலாம் என்பதை, பேனாவை, அதே பேனாவால் அந்த இடத்தில் எழுதிய என் அண்ணன் பெயரை, முழு அளவு போட்டவர்களுக்கு நேர்ந்ததை, இப்போது அந்தப் பெயருக்கு உரியவர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்பதை. சொல்லி முடித்தபோது கதிரேசன் கையிலிருந்த சாக்பீஸைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க எச்சரிக்கை பண்ணி அனுப்பியிருந்தா" என்று சுலோச்சனா மெதுவாக ஆரம்பித்தார், "நான் அடுத்த நாளே ரெண்டு மூக்குலயும் இவருக்கே அடிச்சிருப்பேன். உங்க பேச்சைத் தட்டாம, பதினெட்டு மாசமும்."

"ஆமாங்க."

"அப்ப எனக்கு வர வேண்டியதுதான் உங்க அண்ணனுக்குப் போச்சு" என்றார் கதிரேசன்.

சுலோச்சனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்க பேரை அடிச்சு வுட்டதுனாலதான் இவரு இன்னைக்கும் என்னையப் பேரு சொல்லிக் கூப்புடறாரு. நீங்க நல்லா இருக்கோணும் தாயி."

அவர் என்னை அறைந்திருக்கலாம். திட்டு வாங்கப் போனவளுக்குக் கும்பிடு கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நானூறு பேரைப் பற்றிச் சொன்னேன். உங்கள் இரத்தம், ஸ்கேன், அந்த நான்கு மாதக் கதை எல்லாம் வேண்டும், கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"எடுத்துக்கங்க. சோதனைக்கு எப்ப வேணாலும் வாறோம்." கதிரேசன் துணியை மடிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். "ஆனா ஒண்ணுங்கம்மா. எழுதறப்ப என்ற பேரை ஏன் அடிச்சீங்கங்கறதையும் எழுதோணும். உங்களை மாட்டி வுடறதுக்குச் சொல்லல. நான் மருந்தை ஒழுங்காப் போட்டுக்காத ஆளுன்னு அந்தப் பொஸ்தகத்துல இருக்குது பாருங்க, அது எனக்குச் சங்கடமா இருக்குது."

திரும்பும் பஸ்ஸில் ஆய்வு நெறிக்குழுவுக்கும் ஐசக் சாருக்கும் அந்த வெளிநாட்டுக் குழுவுக்கும் ஒரே கடிதத்தை எழுதினேன். நாற்பத்தொன்றாம் இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று தொடங்கினேன். அவிநாசி தாண்டும்போது அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் சார் கூப்பிட்டார்.

"உறவினரான்னு கேட்ட கட்டத்துல..."

"இல்லைன்னு எழுதினது நான்தான் சார்."

"உன் வேலை போயிரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் கையெழுத்தும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். கடைசியில், "அந்த நாலு மாச மார்க்கு பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். அஞ்சு கூடியிருந்துச்சு."

நானூறு பேருக்கு அந்த ஆய்வு இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பாதி அளவில் தொடங்குவார்களாம். நான் அதில் இல்லை, எதிலுமே இல்லை. கதிரேசனின் பேனாவைத் தேடி எடுத்து, என்மீதான விசாரணை வாக்குமூலத்தில் அதனாலேயே கையெழுத்துப் போட்டு, மறுநாள் தபாலில் அவருக்கு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குத் திருப்பூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "இன்னைக்கும் பிஸ்கட்டுதான் கண்ணு. அவரே பிரிச்ச பாக்கெட்டு. கலந்து குடுத்த ஒண்ணையும் தொடலை" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு நாளாக அப்படித்தான். இளைத்துப்போயிருந்தார். தெருவில் தண்ணீர் லாரி திரும்பியது. அந்தச் சத்தத்துக்கு அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார்.

பால் காய்ச்சி டீ போட்டேன். ஒரே ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏனுங்கம்மா" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இதுல என்ன கலந்திருக்கீங்க?"

அவர் பார்க்கட்டும் என்று எதிரில் உட்கார்ந்து முதல் வாய் நான் குடித்தேன். அவர் என்னையே பார்த்தார். நான் கீழே விழுகிறேனா என்று பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மூன்று நிமிடம் போயிற்று. நான் விழவில்லை. மெதுவாகக் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார். குடித்தார். பாதி குடித்துவிட்டு, "சக்கரை போதுமுங்க" என்றார், யாரோ ஒருவர் வீட்டு விருந்தாளிபோல.

பதினான்கு மாதம் ஒரு நாள்கூட என்னைக் கேட்காத கேள்வியை இப்போது ஒவ்வொரு வேளையும் கேட்கிறார். சோறானாலும் சரி, தண்ணீரானாலும் சரி, முதல் வாய் நான் சாப்பிட்டுக் காட்டுகிறேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.